மலையைக் காப்பது யார் செலவில்?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன செய்தி வந்தது. அன்று மதியத்துக்குள் என் கைபேசிக்கு வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளில்தான் இருந்தன: இனிமேல் மலையில் ஒரு செங்கல்கூட வைக்க விடக் கூடாது. துக்கத்தில் வந்த பேச்சு அது. அனுப்பியவர்கள் காட்டின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அவர்களோடு சேர்ந்து நானும் மலையேறியிருக்கிறேன், குப்பை பொறுக்கியிருக்கிறேன், மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளிவிடவும் முடியவில்லை. செங்கல் என்று சொல்லும்போது யார் வீட்டுச் செங்கல்லை மனதில் வைத்துச் சொல்கிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. வேண்டும், இப்போது இருப்பதைவிடக் கடுமையாகவே வேண்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அது. அதே நாளில் மலையின் அந்தப் பக்கம் புத்துமலையிலும், கீழே நிலம்பூர் அருகே கவளப்பாறையிலும் சரிவுகள் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. மாநில எல்லை வரைபடத்தில்தான் இருக்கிறது. மழை மேகத்துக்கு அது ஒரே மலை. அதற்கு முன்னால் 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1993இல் மரப்பாலத்தில் மலைப்பாதையே பேருந்துகளோடு சரிந்தது. எச்சரிக்கை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏன் சரிகிறது என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. நீலகிரியில் பல இடங்களில் மேலே இருப்பது, பாறை ஆழம் வரை மக்கி மண்ணாகிப்போன அடுக்கு. காய்ந்திருக்கும்போது அதைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதனால்தான் வெயில் காலத்தில் பொக்லைன் வைத்து அடிவாரத்தை வெட்டி மனை போடுகிறவருக்குத் தைரியம் வருகிறது. தொடர்மழையில் தண்ணீர் உள்ளே ஊறி, மண் துகள்களுக்கு நடுவே நீரழுத்தம் ஏறும்போது அந்தப் பிடிமானம் போய்விடுகிறது. கீழே தாங்கிக்கொண்டிருந்த பாதத்தை ஏற்கெனவே வெட்டி எடுத்தாயிற்று. பக்கத்தில் ஓடிய ஓடையையும் மூடி மேலே கான்கிரீட் போட்டாயிற்று. போக வழியில்லாத தண்ணீர் மலையையே இழுத்துக்கொண்டு இறங்குகிறது. தடுப்புச் சுவர் கட்டினோமே என்பார்கள். நீர்க்கசிவுத் துளைகள் இல்லாத தடுப்புச் சுவர், பின்னால் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை மாதிரிதான் வேலை செய்யும்.

ஆனால் முண்டக்கையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்த விளக்கம் மட்டும் போதாது என்று தெரிகிறது. அங்கே சரிவு தொடங்கிய இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், காட்டுக்குள், பழைய சரிவு ஒன்றின் தழும்புக்கு அருகில். அந்த இடத்தில் விடுதியும் இல்லை, வீடும் இல்லை. அங்கிருந்து புறப்பட்ட சேறும் பாறையும் ஆற்று வழியில் எட்டு கிலோமீட்டர் ஓடின. 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாலியாற்றில் மிதந்துபோன உடல்களை நிலம்பூரில் எடுத்தார்கள். அப்படியென்றால் அந்த ஆற்றோரத்தில் குடியிருந்தவர்கள் யார், ஏன் அங்கே இருந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான பாடிகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள், எஸ்டேட்டை நம்பிக் கடை வைத்தவர்கள், ஓய்வுபெற்ற பிறகு சேமிப்பைப் போட்டு நாலு சென்ட் வாங்கியவர்கள். பாடிகளை எங்கே கட்டுவது என்பதை எந்தத் தொழிலாளியும் முடிவு செய்ததில்லை. மலையில் பாதுகாப்பான மேட்டு நிலம் எப்போதும் காசுள்ளவர்களுக்குப் போகிறது, சரிவும் ஓடைக்கரையும் மற்றவர்களுக்கு மிஞ்சுகிறது. ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்ற தடையைப் போட்டால், இந்த ஏற்பாடு இப்படியே உறைந்துபோகும். ஆற்றோரத்தில் இருப்பவர் மேட்டுக்கு வரவும் செங்கல் வேண்டும்.

கூடலூரில் ஒரு சாயங்காலம்

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருடைய குடும்பம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரை அடுத்த தேவாலா பக்கம் இருக்கிறது. அவருடைய அம்மா சிறு வயதில் இலங்கையிலிருந்து வந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வேலையை விட்ட பிறகு வெறும் கைச்சீட்டில் கொஞ்சம் நிலம் வாங்கி வீடு கட்டியவர். அவர்கள் வீட்டுக்கு நான் போனது ஒரு விசேஷத்துக்காக. காடு பற்றியோ சட்டம் பற்றியோ பேச அல்ல.

பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒரு சூரிய ஒளி விளக்கை எடுத்து வைத்தார்கள். மின்தடை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வீட்டுக்கு மின் இணைப்பே கிடையாது. பக்கத்து வீடுகள் பலவற்றுக்கும் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் குப்பியை மண்பானைத் தண்ணீரில் ஒரு டப்பாவுக்குள் வைத்திருந்தார்கள். இருட்டிய பிறகு வாசலில் இறங்கும் முன் ஒருவர் டார்ச் அடித்து நாலு பக்கமும் பார்க்கிறார், யானை நிற்கிறதா என்று. பலாப்பழக் காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் கழிவறைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை என்றார்கள். கழிவறை வீட்டுக்கு வெளியே, பத்துப் பதினைந்து அடி தள்ளி.

சாப்பிட்டு முடித்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எதிர் மேட்டில் வரிசையாக விளக்குகள். நீலமும் மஞ்சளுமாக, மரங்களுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்கும் விளக்குகள். புதிதாக வந்த ஒரு தங்கும் விடுதி. அந்த அம்மாவுக்கு நான் காடு, யானை வழித்தடம் என்று எழுதுகிற ஆள் என்பது மகன் மூலமாகத் தெரியும். கோபமாக இல்லாமல், உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "காட்டைக் காப்பாத்தணும்னு நீங்க எல்லாம் எழுதுறீங்க தம்பி. சரி, காப்பாத்துங்க. நாங்களும் அதுக்குள்ளதான இருக்கோம். ஆனா அதை எங்க வீட்டு வெளக்க அணைச்சுத்தான் காப்பாத்தணுமா? அந்தா அங்க எரியுதே, அது காடு இல்லையா?"

நான் சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஜென்ம நிலம், பிரிவு 17, வழக்கு நிலுவை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எல்லாம் எனக்கு மனப்பாடம் தம்பி" என்றார். "நான் கேட்டது அது இல்ல." பிறகு உள்ளே போய் எல்லாருக்கும் வரக்காப்பி போட்டுக்கொண்டு வந்தார். பேச்சு மகள் வீட்டுச் சமாச்சாரத்துக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

கூடலூரின் கதை வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. ஆனால் இந்தியா முழுக்க இன்று காடுகளைக் காப்பாற்றுகிற சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையில், அதாவது பரம்பரை நிலவுடைமையில் இருந்தவை. 1969இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1974இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. குத்தகையில் இருந்த தோட்டங்களை என்ன செய்வது என்பது அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் மாட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஏக்கர் இன்றுவரை முடிவுக்கு வராமல் கிடக்கிறது. வழக்குகளிலிருந்து காப்பதற்காக அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு கிளம்பியது இந்தச் சட்டத்திலிருந்துதான். அதே கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12இல் வந்த உத்தரவு, நிலம் யார் பெயரில் இருந்தாலும், காடாக இருந்தால் அதற்கு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. அந்த ஒரு உத்தரவு காப்பாற்றிய மரங்களுக்குக் கணக்கே கிடையாது. அந்த உத்தரவுக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

அந்த உத்தரவு பிறந்த மண்ணில்தான் அந்த அம்மா விளக்கில்லாமல் இருக்கிறார். அவர் இருக்கும் நிலத்துக்குத் தீர்வு வரும்வரை எந்த இணைப்பும் கொடுக்க முடியாது என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். எதிர் மேட்டு விடுதி பட்டா நிலத்தில், எல்லா அனுமதியோடும் நிற்கலாம். அதுவும் சட்டப்படி சரியாக இருக்கலாம். என்னை உறுத்துவது அந்தச் 'சரி'தான். மலைச்சரிவுக்குப் பட்டா நிலம், வழக்கு நிலம் என்ற பேதம் தெரியாது. இரவில் வரும் யானைக்கும் தெரியாது. மலையின் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது, எவ்வளவு தண்ணீர் உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு மண் வெட்டப்படுகிறது, எவ்வளவு வெளிச்சம் காட்டுக்குள் அடிக்கிறது என்பதை வைத்து நாம் யாரையும் தடுப்பதில்லை. யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது என்பதை வைத்துத் தடுக்கிறோம். காகிதம் சரியாக வைத்திருப்பதற்கும் பணம் வேண்டும் என்பதால், மலையைக் காக்கும் செலவு மொத்தமும் பணம் இல்லாதவர் தலையில் போய் விழுகிறது.

சீகூர் பீடபூமி யானை வழித்தடத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 2010இல் அரசாணை. 2011இல் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. விடுதி உரிமையாளர்கள் மேல்முறையீடு போனார்கள். 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள், 2020 அக்டோபரில் இறுதித் தீர்ப்பு வழித்தடத்தை உறுதி செய்தது. நல்ல தீர்ப்பு, மனதார வரவேற்றேன். ஆனால் பத்து வருடம் வழக்கு நடத்த வசதி உள்ளவருக்கு, அந்தப் பத்து வருடத்தில் பல வருடங்கள் விடுதி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குண்டு பல்புக்கு மனு போட்டவருக்கு முதல் நாளே கதவு சாத்தப்பட்டது.

படிக்காத அறிக்கைக்கு ஏன் இவ்வளவு பயம்

இது வெறும் நியாய அநியாயப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காட்டுக்கு இதனால் நேரடி நஷ்டம் இருக்கிறது என்பதுதான் என் வாதம். மேற்குத் தொடர்ச்சி மலை விஷயத்தில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

மத்திய அரசு அமைத்த, சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்ட் மாத இறுதியில் அறிக்கை கொடுத்தது. மலைத்தொடர் முழுவதையும் மூன்று நிலைகளாகப் பிரித்து, எது எங்கே கூடும் கூடாது என்பதில் கிராம சபைக்கு முக்கியப் பங்கு கொடுக்கச் சொன்னது. அந்த அறிக்கை மக்களுக்குக் காட்டப்படவே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் போராடி, 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. கிராம சபை முடிவு செய்ய வேண்டும் என்று சொன்ன அறிக்கை கிராம சபைக்கே போய்ச் சேரவில்லை. அப்புறம் கஸ்தூரிரங்கன் குழு வந்தது. 2013இல் அது பரப்பைக் குறைத்து, சுமார் 37 சதவீதத்தை மட்டும் சூழல் கூருணர்வுப் பகுதி என்றது. அதற்கே கேரளத்தின் மலைப் பகுதிகள் கொந்தளித்தன. 2013 நவம்பரில் தாமரச்சேரியில் வனத்துறை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். அதன் பிறகு வரைவு அறிவிக்கை மேல் வரைவு அறிவிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. ஆறாவது வரைவு வெளியான தேதி 2024 ஜூலை 31, முண்டக்கை சரிந்த மறுநாள். 56,825 சதுர கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்கு 6,914.

அந்த வரைவுகளில் என்ன தடை இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், அனல் மின் நிலையம், அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகைத் தொழிற்சாலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானம். விவசாயம் செய்யத் தடை இல்லை. வீட்டைப் பழுது பார்க்கத் தடை இல்லை. நிலத்தை விற்க வாங்கத் தடை இல்லை. பிறகு ஏன் ஏலக்காய்த் தோட்டக்காரரும் ரப்பர் விவசாயியும் தெருவுக்கு வந்தார்கள்? குவாரி முதலாளிகள் தூண்டிவிட்டார்கள் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். தூண்டியவர்கள் இருந்தார்கள்தான். தூண்டினால் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது எது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மலையில் இருப்பவர் வரைவு அறிவிக்கையைப் படித்துப் பயப்படுவதில்லை. பக்கத்து ஊர்க்காரருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்துப் பயப்படுகிறார். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஒரு பலகை வந்தால் அடுத்து மின்சாரம் போகும், பாதை போகும், கடைசியில் நாமும் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடலூர் மாதிரி ஒவ்வொரு மலையிலும் ஒரு இடம் இருக்கிறது.

இப்படித்தான் குவாரிக்காரருக்கு இலவசமாக ஒரு படை கிடைக்கிறது. சிறு விவசாயியின் பயத்தை முன்னால் நிறுத்திவிட்டு அவர் பின்னால் நின்று பாறையை உடைக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக இறுதி அறிவிக்கை வராமல் இருப்பதற்கு இந்தப் பயம் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பயத்தை உண்டாக்கியதில் பாதுகாப்பைப் பேசும் நம் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது, ஏனென்றால் யார் மேல் கட்டுப்பாடு விழுகிறது என்று நாம் கேட்டதே இல்லை.

குறையும் மக்கள், கூடும் கட்டடங்கள்

நீலகிரியைப் பற்றி ஒரு புள்ளிவிவரத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7.62 லட்சம். 2011இல் 7.35 லட்சம். குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லா இடமும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பச்சைத் தேயிலை விலை விழுந்து, பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். ஆனால் அதே பத்தாண்டுகளில் கட்டடங்கள் குறையவில்லை. மலையில் வாழ்கிறவர் இறங்கிக்கொண்டே இருக்கிறார், மலைக்கு வந்துபோகிறவருக்கான கட்டடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. மக்கள்தொகைப் பெருக்கம்தான் மலையை அழிக்கிறது என்ற பேச்சு இந்த இடத்தில் செல்லாது. வருடத்தில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்காக மலையை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுவிட்சர்லாந்தில் இதே பிரச்சினை வந்தபோது 2012 மார்ச்சில் நாடு தழுவிய வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு ஊராட்சியில் இரண்டாவது வீடுகள், அதாவது விடுமுறைக்கு மட்டும் வந்து தங்குகிறவர்களின் வீடுகள், மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். அங்கே வசிப்பவர் வீடு கட்டுவதற்கும், எப்போதாவது வருபவர் வீடு கட்டுவதற்கும் அவர்கள் வேறுபாடு பார்த்தார்கள். நம்முடைய மலைப்பகுதிக் கட்டட விதிகளில் உயரத்துக்கு வரம்பு இருக்கிறது, சரிவுக்கும் பரப்புக்கும் கேள்விகள் இருக்கின்றன. யார் குடியிருக்கப் போகிறார் என்ற கேள்வி மட்டும் இல்லை. தன் வீட்டில் மகனுக்கு ஒரு அறை எடுக்க நினைக்கும் தேயிலைத் தொழிலாளியும், பதினெட்டு அறை எடுக்க நினைக்கும் முதலீட்டாளரும் ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள். ஒருவரிடம் வரைபடம் போட்டுத் தரவும் அலையவும் ஆள் இருக்கிறது. இன்னொருவர் ஒரு நாள் கூலியை விட்டால்தான் அலுவலகத்துக்கே போக முடியும்.

நல்ல முன்மாதிரியைத் தேடி ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டத்தில் பிரிவு 3(2) என்று ஒன்று இருக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என 13 வகை வசதிகளை வனநிலத்திலேயே செய்துகொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு அதிகபட்சம் 75 மரங்கள், கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். எவ்வளவு தெளிவான கோடு பாருங்கள். மின்கம்பி போகலாம், விடுதி போக முடியாது. இது யாருடைய காகிதம் என்பதைப் பார்க்காமல், எதற்காக, எவ்வளவு என்பதைப் பார்க்கும் கோடு. பெரிய குறை என்னவென்றால், பழங்குடிகளும் மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்களும்தான் இதற்குள் வருவார்கள். 1964க்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கியவர் வர மாட்டார். பணியரும் காட்டுநாயக்கரும் உள்ளே வந்தாலும் மனு நகர வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் இந்தக் கோட்டின் அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. மலையில் நிரந்தரமாக வாழ்கிறவரின் அடிப்படைத் தேவை ஒரு தட்டில், மற்றது எல்லாம் இன்னொரு தட்டில்.

ஊட்டியில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டபோது, இவ்வளவு பெரிய கட்டடம் மலையில் தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. தேவை என்றுதான் நான் சொல்வேன். அதற்கு முன்னால் மூளையில் ரத்தக்கசிவு வந்தவரையும், சிக்கலான பிரசவத்தையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கோவைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வழியிலேயே போன உயிர்களை மலைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மலை தாங்கக்கூடிய பாரம் இவ்வளவுதான் என்று இருந்தால், அதில் முதல் பங்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பாதுகாப்பான குடியிருப்புக்கும் போகட்டும். மிச்சம் இருந்தால் நமக்கு.

சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்ததை அதனால்தான் நான் முக்கியமான திருப்பமாகப் பார்க்கிறேன். கோடை காலத்தில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் நுழைகின்றன என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் கோடைக்கு உச்சவரம்பு: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. உள்ளூர்க்காரருக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. கடையடைப்பு நடந்தது, வியாபாரிகளின் கவலையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு முதன்முறையாக மேலே வருகிறவர் பக்கம் திரும்பியது. அங்கேயே இருக்கிறவரைத் தொடவில்லை. காரை விட்டுவிட்டுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் யாரும் தடுக்கப்போவதில்லை. கோவையில் இருக்கும் என் மாதிரி ஆட்களுக்கு இது ஒரு வசதிக்குறைவு, அவ்வளவுதான். அந்தக் கோடையில் இது பற்றி என்னிடம் புலம்பியவர்களில், ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று எனக்கு எழுதியவர்களும் இருந்தார்கள். அது எனக்கு வருத்தமாக இருந்தது.

தண்ணீர்க் கட்டணத்தில் மலைக்கு ஒரு பங்கு

கடைசியாகப் பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் மலையைக் காக்கும் செலவு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. சரிவில் கேரட் போடாமல் மரப்பயிருக்கு மாறும் விவசாயிக்கு வருமானம் குறைகிறது. ஓடையோரத்தைப் புல்லுக்கும் சோலைக்கும் விடுபவருக்கு நிலம் குறைகிறது. ஆற்றங்கரையிலிருந்து பாடிகளை மேட்டுக்கு மாற்றக் கோடிகள் வேண்டும். இதை யார் கொடுப்பது? பவானி மேலே குந்தாவில், அப்பர் பவானியில் சேர்ந்து இறங்குகிறது. வழியில் மின்சாரம் கொடுக்கிறது. பில்லூரிலிருந்து எங்கள் கோவைக் குழாய்க்கு வருகிறது. பவானிசாகரில் மாயாற்றையும் சேர்த்துக்கொண்டு, கீழ்பவானிப் பாசனத்தில் மட்டும் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. இத்தனைக்கும் சோலையும் புல்வெளியும் பிடித்து வைத்து மெதுவாக விடும் தண்ணீர்தான் ஆதாரம். மலையைக் காப்பதன் பலன் பெரும்பாலும் சமவெளியில் இறங்குகிறது.

மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது காட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 14ஆவது நிதிக்குழு 7.5 சதவீத எடை கொடுத்தது. 15ஆவது நிதிக்குழு அதை 10 சதவீதமாக உயர்த்தியது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. காட்டோரத்தில் இருக்கும் ஊராட்சிக்கு அதில் தனிப் பங்கு என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. இமாச்சலத்தின் பாலம்பூரில் சிறிய அளவில் வேறு வழி கண்டார்கள். ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்றுக்கு மேலே இருக்கும் காட்டைப் பாதுகாக்கும் கிராமத்துக்கு 2010இல் நகராட்சி பணம் கொடுக்க ஒப்பந்தம் போட்டது. நியூயார்க் நகரம் 1997இல் பெரிய அளவில் செய்தது. ராட்சத வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, மேலே கேட்ஸ்கில் மலையில் இருக்கும் விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் பணம் கொடுத்து, தண்ணீரைப் பிறக்கும் இடத்திலேயே சுத்தமாக வைத்துக்கொண்டது.

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டங்களின் தண்ணீர்க் கட்டணத்திலும் இப்படி ஒரு பங்கைப் பிரித்து, மாநிலப் பொதுக் கணக்கில் கரைக்காமல், நேராக மலை ஊராட்சிகளுக்குக் கொடுக்க வேண்டும். எதற்குச் செலவழிப்பது என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும்: ஆற்றோரக் குடும்பங்களை மேட்டுக்கு மாற்றவோ, அடைபட்ட ஓடைகளைத் திறக்கவோ, வழக்கு முடியும்வரை வீட்டுக்கு ஒரு சூரிய மின்கலமும் ஒரு சிறு குளிர்பெட்டியும் கொடுக்கவோ. ஏற்கெனவே வரி கட்டுகிறோமே, இன்னொன்றா என்று கேட்பார்கள். என் தெருவிலேயே கேட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணமாகக் கட்டும் தொகையோடு பார்த்தால், தண்ணீருக்குக் கட்டுவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை என்றால், மலையில் இருப்பவர் தன் வீட்டு விளக்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது. வாகன எண்ணிக்கையும் மலையின் தாங்குதிறனும் பற்றிய ஆய்வு ஐஐடி சென்னையிடமும் ஐஐஎம் பெங்களூரிடமும் கொடுக்கப்பட்டிருக்கிறது. மலை எத்தனை காரைத் தாங்கும் என்பதோடு, அந்தப் பாரத்தை இன்று யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பதையும் தெரு வாரியாக, சரிவு வாரியாக அந்த ஆய்வு எண்ண வேண்டும். எண்ணி, அதைத் தமிழிலும் படுக மொழி பேசுகிறவர்களுக்குப் புரியும்படியும் அச்சிட்டு, கிராம சபையில் வாசிக்க வேண்டும். இந்த முறையாவது அறிக்கை முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும்.